ஏத்தன் தோல் சாம்பலும் எலுமிச்சைச் சாறும்: பல கூறு வினைகளுக்குப் பசுமை வினையூக்கிகள், ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்.சி. வேதியியல் நான்காம் பருவத்தில் புராஜெக்ட் தலைப்புத் தேடும் மாணவர்களிடம் "பசுமை வினையூக்கி" என்ற சொல்லுக்கு நல்ல மவுசு இருக்கிறது. பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ அபிஷேகப்பட்டியிலோ ஒரு சாதாரண கரிம வேதியியல் ஆய்வகத்தில், விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் செய்து முடிக்கலாம் என்பதால் அது நல்ல தேர்வுதான். ஆனால் வினையூக்கி வாழைத்தோலிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் வேலை பசுமையாகிவிடாது. விளைபொருளைப் பிரிக்க 200 மி.லி. ஹெக்சேன் ஊற்றினால், வினையூக்கியில் மிச்சம் பிடித்தது எல்லாம் அங்கேயே போய்விடும். அதனால் இந்த வழிகாட்டி வினையூக்கி தயாரிப்பதோடு நிற்காமல், அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்கும் கழிவைக் கணக்கிடுவதற்கும் அதே அளவு இடம் தருகிறது.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தொடக்கப் பொருள்கள் ஒரே குடுவையில் சேர்ந்து, அவற்றின் பெரும்பாலான அணுக்களும் விளைபொருளில் போய் உட்காருவதுதான் பல கூறு வினை. ஸ்ட்ரெக்கர் (1850), பிஜினெல்லி (1891), மானிக் (1912), பாசரினி (1921), ஊகி (1959) என்று இதற்கு நீண்ட வரலாறு உண்டு. இரத்த அழுத்த மருந்தான நிஃபெடிபின், 1880-களில் வந்த ஹான்ட்ஸ் வினையின் நேரடி விளைபொருள். கல்லூரி ஆய்வகத்துக்கு இவற்றில் எல்லாமே ஒத்துவராது. ஸ்ட்ரெக்கருக்கு சயனைடு வேண்டும். ஊகிக்கும் பாசரினிக்கும் ஐசோசயனைடு வேண்டும், அதன் நாற்றம் கட்டிடத்தையே காலி செய்துவிடும். கையில் எடுக்கத்தக்கவை இரண்டு: ஆல்டிஹைடு, மலோனோநைட்ரைல், டைமெடோன் மூன்றும் சேர்ந்து டெட்ராஹைட்ரோபென்சோபைரான் தரும் வினை, ஆல்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், யூரியா சேரும் பிஜினெல்லி வினை. முதலாவதற்குக் காரம் வேண்டும், இரண்டாவதற்கு அமிலம். காரம் களக்காடு, சேரன்மகாதேவி பக்கத்து வாழையில் இருக்கிறது. அமிலம் புளியங்குடி எலுமிச்சையில் இருக்கிறது. முதல் வினையை விரிவாகவும் இரண்டாவதைச் சுருக்கமாகவும் பார்ப்போம்.

சாம்பல் நீர் தயாரித்தல்

சிப்ஸ் போடும் கடைகளில் ஏத்தங்காயின் (நேந்திரன் வாழைக்காய்) தோல் கழிவாகவே கிடக்கும். கேட்டால் சாக்கில் அள்ளித் தருவார்கள். பழத்தோலைவிடக் காய்த்தோல் நல்லது. சர்க்கரை குறைவு என்பதால் சீக்கிரம் காயும், எரிக்கும்போது பிசுபிசுக்காது. எண்ணெயோ உப்புநீரோ பட்ட தோலை எடுக்காதீர்கள். உப்பு பட்டால் சாம்பலில் சோடியம் குளோரைடு ஏறிவிடும்.

தோலை நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாக ஒருமுறை காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி மொட்டை மாடியில் காயப்போடுங்கள். மாசி, பங்குனி வெயிலில் நாலைந்து நாளில் முறிந்து ஒடியும் பதத்துக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும் மாதங்களிலும் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்போது 80 டிகிரி அடுப்பில் உலர்த்துவதே வழி. பச்சைத் தோலில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் தண்ணீர்தான். காய்ந்த தோலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் சாம்பலாகும். ஆக ஒரு கிலோ பச்சைத் தோலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் சாம்பல் கிடைத்தால் அது சரியான அளவு. புராஜெக்ட் முழுவதற்கும் 30 கிராம் சாம்பல் போதும். அதை ஒரே தடவையில் தயாரித்துவிடுங்கள். பாதியில் வேறு தோல், வேறு சாம்பல் என்று மாற்றினால் முன்பு எடுத்த அளவுகளோடு ஒப்பிட முடியாது.

காய்ந்த தோலை முதலில் திறந்த வெளியில், சுத்தமான இரும்புச் சட்டியில் கரியாக்குங்கள். புகை அடங்கிய பிறகு பீங்கான் மூசையில் போட்டு மஃபிள் உலையில் 550 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் வையுங்கள். புகையோடு நேராக உலையில் வைத்தால் உள்சுவரெல்லாம் தார் படியும். 600-க்கு மேல் போக வேண்டாம். பொட்டாசியம் குளோரைடு 770 டிகிரியில் உருகும். மற்ற உப்புகளோடு கலந்திருக்கும்போது அதற்கும் கீழேயே இளகும். அப்படி இளகினால் சாம்பல் கண்ணாடிபோல மூசையோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே மாட்டிய கரி எரியாமல் நின்றுவிடும். நல்ல சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்தில் பொடியாக உதிரும். கறுப்புத் தெரிந்தால் கிளறிவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள்.

10 கிராம் சாம்பலை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் போட்டு அறை வெப்பநிலையில் அரை மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். வடிநீர் நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருக்கும். தேநீர் நிறம் வந்தால் கரி சரியாக எரியவில்லை என்று பொருள். இதைப் பாலித்தீன் புட்டியில் வையுங்கள். தேய்கண்ணாடி மூடி போட்ட புட்டியில் வைத்தால் காரம் மூடியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு திறக்க முடியாது.

அஸ்ஸாமில் இதே சாம்பல் நீரைக் கோலாகார் என்ற பெயரில் காலங்காலமாகச் சமையலில் சேர்க்கிறார்கள். ஆக பொருள் புதிதல்ல. அதன் வலிமையை எண்ணால் சொல்வதுதான் ஆய்வகத்தின் வேலை.

வலிமையை அளத்தல்

பெரும்பாலான புராஜெக்ட் அறிக்கைகள் கோட்டைவிடுவது இங்கேதான். "3 மி.லி. சாம்பல் நீர் சேர்க்கப்பட்டது" என்று எழுதினால் அதை வேறு யாராலும் திரும்பச் செய்ய முடியாது. பி.எச். அளவு மட்டும் சொல்வதும் போதாது. பி.எச். 11 என்பது நீர்த்த காரத்துக்கும் வரும், செறிந்த கார்பனேட்டுக்கும் வரும்.

10 மி.லி. சாம்பல் நீரைப் பிப்பெட்டில் எடுத்து 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பாருங்கள். முதலில் ஃபீனால்ப்தலீன் போட்டு இளஞ்சிவப்பு மறையும் அளவைக் குறியுங்கள். அதே கரைசலில் மெத்தில் ஆரஞ்சு போட்டு, மஞ்சள் மாறும்வரை தொடர்ந்து மொத்த அளவைக் குறியுங்கள். முதல் அளவு மொத்தத்தில் சரிபாதி என்றால் இருக்கும் காரம் முழுக்கக் கார்பனேட். பாதிக்கு மேல் என்றால் ஹைட்ராக்சைடும் இருக்கிறது. பாதிக்குக் கீழ் என்றால் காற்றின் கார்பன் டை ஆக்சைடை வாங்கி பைகார்பனேட் ஆகத் தொடங்கிவிட்டது. இளங்கலையில் செய்த அதே தரம்பார்த்தல்தான்.

ஒரு கணக்கு: மொத்த அளவு 32 மி.லி. வந்ததாக வைத்துக்கொள்வோம். சாம்பல் நீர் 0.32 நார்மல், முழுக்கக் கார்பனேட் என்றால் 0.16 மோலார். பொட்டாசியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 138.2 என்பதால் லிட்டருக்கு 22 கிராம். லிட்டருக்கு 100 கிராம் சாம்பல் போட்டிருக்கிறோம். ஆகவே சாம்பலின் எடையில் 22 சதவீதம் பொட்டாசியம் கார்பனேட்டாகக் கரைந்து வந்திருக்கிறது. மீதியில் குளோரைடு, சல்பேட், கரையாத சிலிக்கேட் எல்லாம் சேரும். உங்கள் சாம்பலுக்கு உங்கள் எண் வரும். வாரம் ஒருமுறை மீண்டும் தரம் பார்த்துக் குறித்து வையுங்கள்.

தொடக்கப் பொருள்களைச் சரிபார்த்தல்

பென்சால்டிஹைடு புட்டியின் கழுத்தில் வெள்ளைப் படிகம் ஒட்டியிருந்தால் அது பென்சாயிக் அமிலம். காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்த பழைய ஆல்டிஹைடு இது. நீங்கள் சேர்க்கப்போவது 10 மோல் சதவீதக் காரம்தான், அதாவது நூறு மோல் ஆல்டிஹைடுக்குப் பத்து மோல். ஆல்டிஹைடில் 5 சதவீதம் அமிலம் இருந்தால் காரத்தில் கணிசமான பங்கு அதை நடுநிலையாக்கவே தீர்ந்துவிடும். அப்புறம் "வினையூக்கி வேலை செய்யவில்லை" என்று வாழையைக் குறை சொல்ல வேண்டியிருக்கும். 10 சதவீத சோடியம் கார்பனேட் கரைசலால் குலுக்கிக் கழுவி, நீரால் கழுவி, உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் வடித்தெடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் 4-குளோரோபென்சால்டிஹைடை எடுத்துக்கொள்ளுங்கள். அது திடப்பொருள், நிறுப்பதும் எளிது, கெடுவதும் குறைவு.

மலோனோநைட்ரைல் 32 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். குளிர்நாட்டுச் செய்முறையில் "வெள்ளைத் திடப்பொருள்" என்று படித்துவிட்டு, பங்குனியில் நம் ஊர் அலமாரியைத் திறந்தால் புட்டிக்குள் திரவமாகக் கிடக்கும். அதனாலேயே கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்து, உறைந்ததும் நிறுங்கள். பழுப்பேறியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இது நச்சுப்பொருள். தோல் வழியாகவும் உள்ளே போகும், உடலுக்குள் சயனைடை விடுவிக்கும். நைட்ரைல் கையுறை, புகைபோக்கிப் பெட்டி இரண்டும் கட்டாயம். செறிந்த காரத்தோடு நேரடியாகச் சேர்ப்பதும், 130 டிகிரிக்கு மேல் சூடாக்குவதும் ஆபத்து. தானாகவே பலபடியாகிச் சீறும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஆல்டிஹைடும் மலோனோநைட்ரைலும் முதலில் சேர்ந்து வரும் இடைப்பொருளான பென்சிலிடீன் மலோனோநைட்ரைல் கண்ணை எரிக்கும். ஆல்டிஹைடு 2-குளோரோபென்சால்டிஹைடு என்றால் அந்த இடைப்பொருள், காவல்துறை கூட்டத்தைக் கலைக்கப் பயன்படுத்தும் சி.எஸ். கண்ணீர்ப்புகைப் பொருளேதான்! கார்சன், ஸ்டௌட்டன் இருவரும் 1928-இல் அறிவித்த சேர்மம் அது. ஆல்டிஹைடு அட்டவணையை நிரப்புவதற்காக 2-, 3-, 4-குளோரோ மூன்றையும் வரிசையாகப் போடும் வழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. 2-குளோரோவை விட்டுவிடுங்கள். அட்டவணையில் ஒரு வரி குறைவதால் எந்தக் குறையும் இல்லை.

வினை, படிப்படியாக

5 மில்லிமோல் அளவுக்கு: பென்சால்டிஹைடு 0.53 கிராம் (0.51 மி.லி.), மலோனோநைட்ரைல் 0.33 கிராம், டைமெடோன் 0.70 கிராம், எத்தனால் 5 மி.லி., நீர் 2 மி.லி., மேலே கணக்கிட்ட 0.16 மோலார் சாம்பல் நீர் 3.1 மி.லி. இதில் 0.5 மில்லிமோல் கார்பனேட், அதாவது 10 மோல் சதவீதம் இருக்கிறது. சாம்பல் நீரின் வலிமை வேறாக இருந்தால் அதன் அளவை மாற்றி, நீரையும் எத்தனாலையும் ஏறக்குறைய சமமாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. 50 மி.லி. குடுவையில் எத்தனால், நீர், ஆல்டிஹைடு மூன்றையும் ஊற்றிக் காந்தக் கலக்கியில் வையுங்கள். மலோனோநைட்ரைலைப் போட்டுக் கரையவிடுங்கள்.

2. சாம்பல் நீரைத் துளித்துளியாக இரண்டு நிமிடத்தில் விடுங்கள். கரைசல் மங்கலாகி, இடைப்பொருள் வெள்ளையாகப் பிரியத் தொடங்கும். லேசாகச் சூடும் ஏறும்.

3. பத்து நிமிடம் கழித்து டைமெடோனைப் போடுங்கள். முதலில் கொஞ்சம் தெளியும், பிறகு வேறொரு வெண்திடம் கட்டியாக இறங்கும். கலக்கித் துண்டு நின்றுவிட்டால் 1:1 எத்தனால்-நீர் 2 மி.லி. சேருங்கள்.

4. 15 நிமிடத்துக்கு ஒருமுறை டி.எல்.சி. (கலவையின் பொருள்களைத் தகட்டில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் சோதனை) போடுங்கள். சிலிக்கா தகடு, ஹெக்சேன்-எத்தில் அசிட்டேட் 7:3, 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. இடைப்பொருள் மேலே ஓடும், விளைபொருள் கீழே நிற்கும், டைமெடோன் வால் விட்டு இழுக்கும். ஆல்டிஹைடு மறைந்துவிட்டது என்பதை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். அது முதல் பத்து நிமிடத்திலேயே மறைந்துவிடும். மறைய வேண்டியது இடைப்பொருள்.

5. முடிந்ததும் குடுவையைப் பனிக்கட்டியில் 15 நிமிடம் வைத்து, பூக்னர் புனலில் வடிகட்டுங்கள். குளிர்ந்த 1:1 எத்தனால்-நீர் 5 மி.லி.யால் ஒருமுறை, வெறும் நீரால் இருமுறை கழுவுங்கள். 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள்.

கொள்கை அளவு 1.47 கிராம். 1.32 கிராம் வந்தால் 90 சதவீதம். பென்சால்டிஹைடு விளைபொருள் 225-230 டிகிரி பக்கம் உருகும். பாரஃபின் எண்ணெய் ஊற்றிய தீல் குழாயில் இந்த வெப்பம் வரை போனால் எண்ணெய் புகையும். மின் உருகுநிலைக் கருவியில் பாருங்கள்.

டைமெடோனை ஏன் கடைசியில் போட வேண்டும்? மூன்றையும் ஒன்றாகக் கொட்டினாலும் பல ஆல்டிஹைடுகளுக்கு வினை நடக்கத்தான் செய்யும். ஆனால் டைமெடோன் ஓரளவு வலிய அமிலம், பி.கே.ஏ. (எண் சிறிதானால் அமிலம் வலியது) 5.2 அளவில் இருக்கிறது, மலோனோநைட்ரைலுக்கோ 11. நீங்கள் சேர்த்த காரத்தை முதலில் விழுங்குவது டைமெடோன்தான். அதனால் முதல் படி மந்தமாகும். அந்த இடைவெளியில் இரண்டு டைமெடோன் ஒரு ஆல்டிஹைடைப் பிடித்து பிஸ்-டைமெடோன் சேர்மம் ஆகிவிடும். ஆல்டிஹைடை அடையாளம் காணப் பழைய பாடப்புத்தகங்களில் டைமெடோனைச் சொல்லியிருப்பதே இந்த வினை அவ்வளவு நன்றாக நடப்பதால்தான். பென்சால்டிஹைடின் பிஸ் சேர்மம் 194 டிகிரி பக்கம் உருகும். உங்கள் திடப்பொருள் 190-இலிருந்து 215 வரை இழுத்துக்கொண்டு உருகினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வந்தது அதுதானா

ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) போதுமான அளவு சொல்லிவிடும். விளைபொருளின் நைட்ரைல் 2190-2200 செ.மீ.⁻¹ பக்கம் வரும். இடைப்பொருளின் நைட்ரைல் 2225 பக்கம் இருக்கும். அமினோ தொகுதி எலக்ட்ரானைத் தள்ளுவதால் வரும் இறக்கம் இது. 3300-3400 இடையில் இரண்டு கூர்மையான முகடுகள் அமினோ தொகுதிக்கு உரியவை. பிஸ்-டைமெடோனில் நைட்ரைலே இருக்காது.

என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எடுக்க முடிந்தால் டியூட்டரோகுளோரோஃபார்மில் பாருங்கள். எண்கள் பி.பி.எம். அளவில்: 1.04, 1.12 இரண்டிலும் மெத்தில்கள், 4.40-இல் ஒரு ஹைட்ரஜனுக்கான ஒற்றை முகடு, 4.5 பக்கம் அகன்ற அமினோ முகடு. 7.78-இல் ஒற்றை முகடு தெரிந்தால் இடைப்பொருள் மீதமிருக்கிறது. 5.5-இலும் 11.9-இலும் தெரிந்தால் பிஸ் சேர்மம் கலந்திருக்கிறது. டைமெத்தில் சல்ஃபாக்சைடில் எடுத்தால் அமினோ முகடு 7 பக்கம் நகர்ந்து அரோமேட்டிக் முகடுகளோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை கூடுகிறதே என்று குழம்ப வேண்டாம்.

வினையூக்கி வேலை செய்கிறதா: ஒப்புச் சோதனைகள்

இதைச் செய்யாத புராஜெக்ட்டுக்கு நாங்கள் மதிப்புத் தருவதில்லை. காரணம், இந்த மூன்று பொருள்களும் நீர்-எத்தனாலில் வினையூக்கியே இல்லாமலும் மெதுவாக வினைபுரியும். சூடாக்கினால் இன்னும் கூடுதலாக. 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து 92 சதவீதம் எடுத்துவிட்டு, அந்தப் பெருமையை வினையூக்கிக்குக் கொடுப்பது தவறு. ஒரே நாளில், ஒரே வெப்பநிலையில், ஒரே நேரத்தில் நிறுத்தும் ஐந்து குடுவைகள் வையுங்கள்:

சாம்பல் நீர் சேர்த்தது. அதற்குப் பதில் வெறும் நீர். அதே மில்லிமோல் அளவு வாங்கிய பொட்டாசியம் கார்பனேட். அதே அளவு பொட்டாசியம் குளோரைடு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்கிய சாம்பல் நீர்.

முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுபோல வந்து, மற்ற மூன்றும் வெறும் நீர்போலவே வந்தால் விடை தெளிவு: வேலை செய்வது சாம்பலில் உள்ள கார்பனேட். அதை அப்படியே எழுதுங்கள். கழிவிலிருந்து எடுத்த காரம் வாங்கிய காரத்துக்கு இணையாக நிற்கிறது என்பதே நல்ல முடிவு. பொட்டாசியம் அயனிக்கு மாயச் சக்தி இருப்பதுபோல வினைவழி வரைய வேண்டிய தேவையே இல்லை.

வெறும் நீர்க் குடுவையில் கட்டாயம் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துப் போர் தண்ணீர் மாதிரியான கடினநீரில் பைகார்பனேட் இருக்கும். அதுவே ஒரு மெல்லிய காரம். சோப்புப் போட்டுக் கழுவிச் சரியாக அலசாத குடுவையும் அப்படித்தான்.

வெப்பநிலையை "அறை வெப்பநிலை" என்று எழுதாதீர்கள். மற்ற நாட்டார் கட்டுரையில் அது 20-25. நம் ஆய்வகத்தில் மார்கழியில் 27, சித்திரையில் 36. தை மாதம் எடுத்த ஒப்புச் சோதனையை வைத்து சித்திரையில் எடுத்த விளைச்சலை விளக்கினால் வெயிலின் வேலையும் வினையூக்கியின் கணக்கில் ஏறிவிடும். தண்ணீர்த் தொட்டியில் 40 டிகிரியில் நிறுத்தி எல்லாவற்றையும் செய்வது நல்லது. கோடையில் குளிர்விக்கப் பனிக்கட்டி தேட வேண்டியிருக்காது.

மறுபயன்பாடு

சாம்பல் நீர் முறையில் வினையூக்கி வடிநீரிலேயே தங்கிவிடும். விளைபொருளை வடித்த பிறகு அந்த வடிநீரையே அடுத்த குடுவைக்குக் கரைப்பானாக ஊற்றலாம். குறைந்துபோன எத்தனாலை மட்டும் ஈடு செய்யுங்கள். இரண்டாம் சுற்றில் விளைச்சல் முதல் சுற்றைவிடக் கூடினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதல் சுற்றில் கரைந்து வடிநீரில் நின்ற விளைபொருள் ஏற்கெனவே தெவிட்டியிருப்பதால், இரண்டாம் சுற்றில் உருவாகும் எல்லாமே வெளியே விழும். அதே ஆல்டிஹைடுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். வேறு ஆல்டிஹைடுக்கு மாற்றினால் கலப்படம் வரும்.

ஐந்து சுற்று வரை 94, 93, 93, 92, 91 என்று அட்டவணை போடுவது எல்லா இடத்திலும் பழகிப்போன வழக்கம். ஒவ்வொரு சுற்றும் முழுதாக முடியும்வரை காத்திருந்தால், வினையூக்கியில் பாதி செத்துப்போனாலும் அது அந்த எண்களில் தெரியாது. முழு வினைக்கு 40 நிமிடம் ஆகிறதென்றால் ஒவ்வொரு சுற்றையும் 15 நிமிடத்தில் நிறுத்தி அளவிடுங்கள். அப்போதுதான் சரிவு கண்ணுக்குத் தெரியும்.

திட வினையூக்கி எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். முட்டை ஓட்டையோ கடற்கரைச் சிப்பியையோ 900 டிகிரியில் சுட்டு வரும் கால்சியம் ஆக்சைடு இன்னொரு நல்ல காரம். உலையிலிருந்து எடுத்ததும் உலர்பெட்டியில் அடைக்காவிட்டால் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வாங்கி மறுபடி சுண்ணாம்பாகும், கார்பனேட்டாகும். உவரி, உடன்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவு. அதோடு கால்சியம் ஹைட்ராக்சைடு லிட்டர் நீரில் 1.7 கிராம் அளவுக்குக் கரையும். எனவே நீர் கலந்த கரைப்பானில் இதைக் கரையாத வினையூக்கி என்று சொல்லும் முன் சூட்டோடு வடிகட்டும் சோதனை செய்ய வேண்டும்: வினை பாதியில் இருக்கும்போது திடத்தை வடித்துவிட்டு, தெளிநீரில் வினை தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் வேலை செய்வது கரைந்த காரம்.

காந்த நானோ இரும்பு ஆக்சைடு, அதன்மேல் சிலிக்கா, அதன்மேல் அமினோ சிலேன், அதன்மேல் இன்னொரு அமிலம் என்று அடுக்கடுக்காகக் கட்டும் வினையூக்கிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நாள் கொதிப்பு, டொலுயீன், பல கழுவல்கள் தேவை. 30 டிகிரியில் கார்பனேட்டால் முடிகிற வினைக்கு அதைக் கட்டுவது எங்கள் பார்வையில் வீண்.

கழிவுக் கணக்கு

டிராஸ்ட் 1991-இல் முன்வைத்த அணுச்சிக்கனம் (தொடக்கப் பொருள்களின் எடையில் விளைபொருளுக்குப் போகும் பங்கு) இந்த வினைக்கு 94 சதவீதம்: தொடக்கப் பொருள்களின் மூலக்கூறு எடைகள் கூடி 312.4, விளைபொருள் 294.4, வெளியே போவது ஒரே ஒரு நீர் மூலக்கூறு. பார்க்க அழகான எண். ஆனால் கரைப்பானை அது கண்டுகொள்வதில்லை. ஷெல்டனின் இ-காரணியையும் போடுங்கள்: கழிவின் எடையை விளைபொருளின் எடையால் வகுத்து வருவது.

நம் செய்முறைக்கு நீரை விட்டுவிட்டுக் கணக்கிட்டால்: தொடக்கப் பொருள்கள் 1.56 கிராம், வினைக்கும் கழுவலுக்குமாக எத்தனால் 7.5 மி.லி., அதாவது 5.9 கிராம். மொத்தம் 7.5 கிராம், அதில் 1.32 விளைபொருள். இ-காரணி 4.7. இதே விளைபொருளை 30 கிராம் சிலிக்கா, 200 மி.லி. 7:3 ஹெக்சேன்-எத்தில் அசிட்டேட் கொண்டு பத்தி (சிலிக்கா நிரப்பிய குழாய்) வழியாகச் சுத்தம் செய்தால் கரைப்பான் மட்டும் 146 கிராம். இ-காரணி 138-க்குப் போய்விடும். வினையூக்கியை எதிலிருந்து எடுத்தீர்கள் என்பது இந்த இரண்டு எண்ணையும் அசைக்கவே அசைக்காது. வடிகட்டினாலே தூய்மையாக வரும்படி வினையை அமைக்க மெனக்கெடுங்கள். எத்தனால்-நீர் விகிதத்தை மாற்றிப் பாருங்கள், குளிர்விக்கும் வேகத்தைக் குறையுங்கள். தேவைப்பட்டால் சூடான எத்தனாலில் ஒருமுறை மறுபடிகமாக்குங்கள். பத்தி கடைசி வழி.

எது எது தவறும்

திடத்துக்குப் பதில் எண்ணெய் பிரிந்தால் எத்தனால் குறைவு, 2 மி.லி. கூட்டிக் கண்ணாடிக் குச்சியால் சுவரைச் சுரண்டுங்கள். விளைபொருள் மஞ்சளாக இருந்தால் இடைப்பொருள் மீதமிருக்கலாம் அல்லது காரம் அதிகம். 20 மோல் சதவீதத்துக்கு மேல் போனால் மலோனோநைட்ரைல் தனக்குத்தானே சேர்ந்து நிறம் காட்டும். 4-டைமெத்திலமினோபென்சால்டிஹைடில் ஆரஞ்சு நிற இடைப்பொருளோடு வினை நின்றுபோவது இயல்பு. அமினோ தொகுதி எலக்ட்ரானைத் தள்ளித் தள்ளி டைமெடோன் தாக்கவேண்டிய இடத்தை மந்தமாக்குகிறது. 60 டிகிரிக்கு ஏற்றுங்கள். 4-நைட்ரோ எதிர்மாறு, சில நிமிடத்தில் கட்டியாகிவிடும். சாலிசிலால்டிஹைடைத் தவிர்த்துவிடுங்கள்: அதன் ஹைட்ராக்சில் தொகுதி நைட்ரைலைத் தாக்கி இமினோகுரோமீன் ஆகி வேறு பாதையில் போய்விடும்.

எத்தனால் ஊற்றிய குடுவையை வீட்டு மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. உரலில் அரைக்கும் முறையும் மலோனோநைட்ரைலுக்கு வேண்டாம்; தூசு மூக்குக்கு நேராக வரும்.

எலுமிச்சைச் சாறும் பிஜினெல்லியும்

சாற்றைப் பிழிந்து, துணியிலும் பிறகு வடிதாளிலும் வடித்து, தெளிந்ததை 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் ஃபீனால்ப்தலீன் போட்டுத் தரம் பாருங்கள். சிட்ரிக் அமிலம் 6 சதவீதம் வந்தால் அது 0.31 மோலார். பென்சால்டிஹைடு 0.53 கிராம், எத்தில் அசிட்டோஅசிட்டேட் 0.65 கிராம், யூரியா 0.45 கிராம் (ஒன்றரை மடங்கு), சாறு 1 மி.லி. சேர்த்து, வேறு கரைப்பான் இல்லாமல் 80 டிகிரி நீர்த்தொட்டியில் கலக்குங்கள். சிட்ரிக் அமிலம் மென்மையானது என்பதால் மணிக்கணக்கில் ஆகும், டி.எல்.சி. பார்த்து முடிவு செய்யுங்கள். குளிர்ந்த நீர் ஊற்றினால் திடம் பிரியும், மிஞ்சிய யூரியா நீரில் போய்விடும். விளைபொருள் மூலக்கூறு எடை 260.3, உருகுநிலை 202-206 பக்கம், அணுச்சிக்கனம் 88 சதவீதம்.

இதற்கும் ஒப்புச் சோதனை வேண்டும்: அதே மில்லிமோல் கடைச் சிட்ரிக் அமிலம், வெறும் நீர். சாற்றில் உள்ள சர்க்கரை நீண்ட நேரச் சூட்டில் பழுப்பேறி விளைபொருளுக்கு நிறம் கொடுக்கும். எத்தனாலில் மறுபடிகமாக்கினால் போகும். பிழிந்த சாறு குளிர்பதனப் பெட்டியிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. பழம் மாறினால் அமிலமும் மாறும், ஆகவே பிழியும்போதெல்லாம் தரம் பாருங்கள்.

அறிக்கையிலும் கழிவுப் புட்டியிலும்

அறிக்கையில் வாழை ரகம், காயா பழமா, எந்த ஊர், உலர்த்திய விதம், உலை வெப்பநிலையும் நேரமும், சாம்பல் சதவீதம், இரண்டு தரம்பார்த்தல் அளவுகள், அவை எடுத்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். வைவாவில் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு இந்த ஒரு பத்தியே பதில்.

கடைசி வடிநீரில் கொஞ்சம் மலோனோநைட்ரைலும் இடைப்பொருளும் இருக்கும். அதைத் தொட்டியில் ஊற்றினால் ஓடை வழியாகத் தாமிரபரணிக்குத்தான் போகும். தனிப் புட்டியில் சேர்த்து, "நைட்ரைல் கழிவு, காரம், எத்தனால்" என்று எழுதி, தேதி போட்டு, துறையின் அபாயக் கழிவுப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். அமிலக் கழிவுப் புட்டியில் சேர்க்க வேண்டாம். கார்பனேட் நுரைத்து மூடியைத் தூக்கிவிடும். பிஜினெல்லியின் நீர்க்கழிவைத் தனியாக வையுங்கள். கரைத்து முடிந்த சாம்பல் வண்டலை நன்றாகக் கழுவி, கழுவிய நீரின் பி.எச். 8-க்குக் கீழ் வந்ததும் கல்லூரித் தோட்டத்து மண்ணில் கலந்துவிடலாம்.